மெதுவாக அழுத்துபவர்கள்

அந்த எழுத்தருக்கு முதலில் வேறு பேனா கொடுங்கள், ஐயா. இது நாலாவது வரியில் நின்றுவிடும். மூடியைத் திருகும்போதே பார்த்தேன். மரை தேய்ந்திருக்கிறது, உள்ளே காற்றுப் போய் மை காய்ந்திருக்கும்.

நல்லது. இப்போது ஆரம்பிக்கலாம்.

அதிகம் பேச வேண்டாம் என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். காதில் கேட்கவில்லை என்று ஒரே வார்த்தை சொன்னால் போதுமாம், எல்லாம் அலட்சியம் என்ற கணக்கில் அடங்கிவிடுமாம். ஜாமீன் கிடைக்கும், வேலை போகும், அவ்வளவுதான் என்கிறார். பாவம், நல்ல மனிதர். இரண்டு நாளாக என்னைக் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்தார். என்னைக் கேட்டிருந்தால் அந்தச் சிரமம் மிச்சமாகியிருக்கும்.

என் தொழில் காருக்கு சீட் பெல்ட் பக்கிள் வடிவமைப்பது. இருபத்தாறு வருடம். பெல்ட்டை இழுத்து இடுப்புப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் செருகுகிறோமே, சிவப்புப் பொத்தான் வைத்தது, அந்தப் பெட்டி. உங்கள் ஜீப்பில் அதை யாரும் தொடுவதாகத் தெரியவில்லை. என்னை அழைத்து வந்தபோது கவனித்தேன், பெல்ட்டை இருக்கைக்குப் பின்னால் மடித்துத் திணித்திருக்கிறார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. ஊரைக் காப்பவர்களுக்குத் தனியாகக் காப்பு எதற்கு.

பக்கிளுக்குள் அதிசயம் ஒன்றும் கிடையாது. நீங்கள் செருகும் உலோகப் பட்டையை நாங்கள் நாக்கு என்போம். நாக்கு உள்ளே போனதும் ஒரு கொக்கி அதன் துளைக்குள் விழவேண்டும். விழுந்தால் பூட்டு, விழாவிட்டால் அலங்காரம். என் இருபத்தாறு வருடமும் அந்தக் கொக்கியை விழவைப்பதில்தான் போயிற்று. நான் செய்த பக்கிளை மாட்டினால் ‘டொக்’ என்று கேட்கும். அது கொக்கி விழுகிற சத்தம். சத்தத்துக்கென்று நான் தனியாக எதையும் வைக்கவில்லை. கொக்கி விழாவிட்டால் சத்தமும் வராது. அழகான சத்தம் என்று யாரும் சொன்னதில்லை. அது பொய் சொன்னது என்றும் யாரும் சொன்னதில்லை.

பிறகு என் மச்சினன் வந்தான்.

என் மனைவியின் தம்பி. அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்வதாகக் காணோம். ஆறே வருடத்தில் எனக்கு மேலதிகாரியாகிவிட்டான். நடுவில் ஒன்பது நாள் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்தான். போகும்போது மனிதனாகத்தான் போனான். திரும்பும்போது கழுத்தில் மெல்லிய துண்டு ஒன்றும் வாயில் ‘அனுபவம்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அவன் காப்பி குடித்து நான் பார்க்கவில்லை. காப்பி அனுபவம்தான் பெறுவான்.

வந்த மாதமே ஒரு கூட்டம் போட்டான். முதலாளி, இயக்குநர்கள், விற்பனைப் பிரிவு, எல்லாமாகப் பதினாலு பேர். விளக்கை மங்கலாக்கிவிட்டு, பதினோரு விதமான ‘க்ளிக்’ சத்தங்களைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான்.

“கஸ்டமருக்கு வேண்டியது பூட்டு இல்ல சார்” என்றான். “பூட்டின ஃபீலிங்.”

பதினாலு பேரும் கச்சேரியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்கள். மூன்றாவது சத்தத்தில் ஒரு குடும்பப் பாங்கு இருப்பதாக விற்பனை மேலாளர் கண்டுபிடித்தார். ஏழாவது சற்றுத் திமிராக இருப்பதாக முதலாளி கருதினார். கணக்குப் பிரிவுத் தலைவர் தூங்கிப்போனார். ஆழ்ந்து கேட்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கடைசியில் ஒன்பதாவது சத்தம் ஜெயித்தது. சுத்தமான, ஒற்றையான, கண்ணாடியில் நகம் பட்டது போன்ற சத்தம். முதலாளி அதை மறுபடி போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, “புல்லரிக்குதுய்யா” என்றார்.

நான் கையைத் தூக்கினேன். சத்தம் கொக்கியிலிருந்துதான் வரவேண்டும், வேறு எங்கிருந்து வந்தாலும் ஒருநாள் ஏமாற்றும் என்றேன்.

“உங்க பக்கிள் எப்படிச் சத்தம் போடுதுன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?” என்றார் முதலாளி. “பழைய பீரோவச் சாத்துற மாதிரி.”

சிரித்தார்கள். தூங்கியவரும் எழுந்து சிரித்தார். மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. “அத்தான் அந்தக் காலத்து எஞ்சினியர் சார். அவரோட ஆசீர்வாதம் இருந்தா நமக்குப் போதும்” என்றான்.

எனக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. ஆசீர்வாதம் பண்ணும் வயது வந்துவிட்டது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்பதாவது சத்தத்துக்காகப் பக்கிளுக்குள் மெல்லிய தகடு ஒன்றை வைத்தார்கள். நாக்கு போகிற வழியில் அதைத் தட்டும், ‘க்ளிக்’. அதற்குப் பிறகு கொக்கி விழும். மாட்டவில்லை என்று எச்சரிக்கிற விளக்கையும் அந்தத் தகட்டோடே இணைத்துவிட்டான், ‘அனுபவம்’ ஒன்றாக இருக்கவேண்டுமாம். வேகமாக அழுத்தினால் தகடும் கொக்கியும் சேர்ந்தே வேலை செய்துவிடும், பிரச்சினை இல்லை. எங்கள் தொழிற்சாலையில் வேகமாக அழுத்தாதவர்கள் கிடையாது. ஒரு நாளைக்கு எண்ணூறு முறை மாட்டிப் பார்க்கிறவன் கை ஆணி அடிப்பது போலத்தான் இறங்கும். சோதனை இயந்திரம் அவனைவிட முரடு. பத்தாயிரம் முறை அடித்துப் பார்த்து, பிரமாதம் என்று சீட்டுக் கொடுத்தது. காரில் ஏறுகிறவர்கள் எல்லோரும் பக்கிள் கம்பெனித் தொழிலாளிகள் என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சோதனைக்கூடத்தில் ஒரு பெண்மணி உண்டு. எதற்கும் “இன்னொருதரம்” என்பார். எல்லோரும் அவரை இன்னொருதரம் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். விடுப்பு எடுக்கிற ரகம் அல்ல. இடது கையால், மெதுவாக, நோகாமல் மாட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து என் மேஜைக்கு ஒரு தாளோடு வந்தார். இறுதி ஒப்புதலில் கையெழுத்துப் போடுவது நான்.

“சார், நாப்பதுல மூணு மாட்டவே இல்ல.”

“சத்தம் வரலையா?”

“அதான் சார். சத்தம் வருது. விளக்கும் அணையுது. இழுத்தா கையோட வருது.”

“கை சரியில்லாம எடுத்த கணக்கெல்லாம் கணக்குல சேராதும்மா. கட்டப் பிரிச்சிட்டு வாங்க, பாத்துக்கலாம்.”

அவர் போகவில்லை. “மெதுவா அழுத்துறவங்க ஊர்ல யாருமே இல்லையா சார்?” என்றார்.

நல்ல கேள்வி. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு வேளையில், கூடத்தில் யாரும் இல்லாதபோது நானே உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். இருநூறு முறை, மெதுவாக. பதினேழு முறை கொக்கி விழவில்லை. ‘க்ளிக்’ கேட்டதும் கை தானாக நின்றுவிடுகிறது. கொக்கி விழ இன்னும் இரண்டு மில்லிமீட்டர் பாக்கி இருக்கிறது. அந்த நிலையில் லேசாக இழுத்தால் நிற்கும். வெடுக்கென்று இழுத்தால், சட்டைப்பையிலிருந்து பேனா வருவதுபோல் வந்துவிடும்.

இன்னொன்றும் அன்று கண்டுகொண்டேன். இதைக் கவனமாக எழுதச் சொல்லுங்கள். சரியாகப் பூட்டினால் இரண்டு சத்தம். தகட்டின் ‘க்ளிக்’, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கொக்கியின் சின்ன ‘டொக்’. இரண்டும் ஒட்டியிருக்கும். பூட்டாவிட்டால் ‘க்ளிக்’ மட்டும் தனியாக வரும், சுத்தமாக. ஆக, முதலாளிக்குப் புல்லரித்த அந்த ஒன்பதாவது சத்தத்தை அதன் முழு அழகோடு கேட்க வேண்டுமென்றால், பெல்ட் மாட்டாமல் இருக்கவேண்டும். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்த வருடத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

இதைத் திருத்துவது கடினமா என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை. தகட்டை இரண்டு மில்லிமீட்டர் பின்னால் தள்ளவேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் வரைபடம் போட்டுவிட்டேன். என் மேஜையில் மூன்றாவது இழுப்பறை, பச்சை உறை. உங்கள் ஆட்கள் அந்த மேஜையை இரண்டு முறை சோதித்தும் அதைக் கண்டுகொள்ளவில்லை. எடுத்துப் பாருங்கள், கோடுகள் அவ்வளவு சுத்தம். வரைந்து உள்ளே வைத்துவிட்டு, பழைய வடிவத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நான் பொறாமைக்காரன் அல்ல. ஒரு தப்பைச் செய்தவனே உணரவேண்டும் என்று நம்புகிறவன். நான் எடுத்துச் சொன்னால் இன்னொரு கூட்டம் போடுவார்கள், இன்னொரு முறை சிரிப்பார்கள், மச்சினன் அந்த இரண்டு மில்லிமீட்டரையும் தன் அனுபவத்தில் சேர்த்துக்கொள்வான். வண்டி விற்பனைக்குப் போகட்டும், நாலு இடத்தில் தோளில் அடி, நெற்றியில் வீக்கம் என்று புகார் வரட்டும். அவன் என் மேஜைக்கு வந்து நின்று, “அத்தான், என்ன செய்யலாம்?” என்று கேட்கட்டும். அந்த நிமிடம் இழுப்பறையைத் திறப்பது என்று இருந்தேன். இரண்டு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

புகார்கள் வந்தன. என்னிடம்தான் வரும், பதில் எழுதுவது என் பொறுப்பு. முதலாவது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, தோள்பட்டை எலும்பு. இரண்டாவது ஒருவருக்கு வலது கண். இரண்டு பேரும் பெல்ட்டைச் சரியாக மாட்டவில்லை என்று பதில் போட்டேன். அது உண்மையும்கூட. மூன்றாவது கடிதத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இறந்துபோயிருந்தார், கணவர் எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். நிறைய எழுத்துப் பிழைகள். வயிற்றில் அழுத்தமாகப் படக் கூடாது என்று அந்தப் பெண் எப்போதும் பதமாகத்தான் மாட்டுவாராம். தன் காதால் சத்தத்தைக் கேட்டதாக அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். அதற்கும் அதே பதில்தான். ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறு என்று எழுதுவது முறையாகாது.

அந்த வாரம்தான் மச்சினனுக்கு ஆண்டின் சிறந்த வடிவமைப்பாளர் என்று கண்ணாடியில் ஒரு கோப்பை கொடுத்தார்கள். அவன் இன்னும் என் மேஜைக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் வந்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

இனி என் மாமனார் விஷயம்.

நல்ல மனிதர். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மெதுவாகச் செய்வார். கதவைச் சாத்தினால் சத்தம் வராது. டம்ளரை மேஜையில் வைத்தால், வைத்தாரா கையில் வைத்திருக்கிறாரா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்பது வருடம் பென்சில் பிடித்த கை. குடும்பத்தில் என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். ஒருமுறை நான் பக்கிளின் வெட்டுத் தோற்றத்தை வரைந்து காட்டியபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “மாப்ளே, இந்தக் கொக்கிக்கு ஒரு முகம் இருக்கு” என்றார். எனக்குக் கிடைத்த கோப்பை அதுதான்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவருக்குக் கண் பரிசோதனை. மச்சினன் தன் புதுக்காரில் அழைத்துப்போக வந்தான். அவனுடைய பக்கிள் வைத்த கார். என் வீட்டு வாசலில்தான் ஏறினார். முன் இருக்கையில் அவர் உட்கார்ந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

மச்சினன் தன் பெல்ட்டை மாட்டினான், ஆணி அடிப்பது போல. மாமனார் தன்னுடையதை இழுத்து, துளையைப் பார்த்து, நாக்கைப் பதமாக உள்ளே விட்டார்.

‘க்ளிக்.’

அவர் முகம் மலர்ந்தது. “கேட்டியா மாப்ளே? எம் பையன் செஞ்ச சத்தம்! என்ன அழகு பாரு. ஒரு கோடு இழுத்த மாதிரி.”

“அப்பா, அத்தானுக்கு இதெல்லாம் பிடிக்காதுப்பா” என்று மச்சினன் சிரித்தான். “அவரு பீரோ பார்ட்டி.”

“சும்மா இருடா. மாப்பிள்ளைக்கு ரசனை இல்லாமலா? சொல்லு மாப்ளே, நல்லாயிருக்குல்ல?”

“நல்லாயிருக்கு மாமா” என்றேன்.

கதவைச் சாத்தினேன்.

மூன்றாவது சிக்னலில் ஒரு தண்ணீர் லாரி திடீரென்று நின்றிருக்கிறது. மச்சினனுக்கு நெஞ்சில் பெல்ட் பதிந்த தழும்பு மட்டும். மாமனார் முன்கண்ணாடி வழியாக வெளியே போயிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாட்டினாரு அத்தான், எங் காதால கேட்டேன், மாட்டினாரு” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கழுத்தில் அந்தத் துண்டு இல்லை. கடைசியில் தலையை நிமிர்த்தி, “எங்க தப்பு அத்தான்? நீங்க சொல்லுங்க” என்று கேட்டான். ஒருவழியாகக் கேட்டுவிட்டான். ஆனால் அது இழுப்பறையைத் திறக்கிற இடம் அல்ல.

நேற்று என் மனைவி இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அழவில்லை, அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

“தம்பி எல்லாத்தையும் சொன்னான். நீங்க கதவுகிட்டதான் நின்னீங்களாமே.”

“ஆமா.”

“உங்களுக்கு அது வித்தியாசமாக் கேட்டுதான்னு போலீஸ்ல கேக்குறாங்களாம். கேக்கலைன்னு சொல்லுங்க.” பிறகு, “எங்கிட்டயும் அதையே சொல்லுங்க. நான் நம்பிக்கிறேன்” என்றாள்.

என்னைப் பற்றி அவள் எவ்வளவு குறைவாகத் தெரிந்துவைத்திருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை நடந்தது உங்கள் கண்முன்னால் நடந்ததுதான், இருந்தாலும் எழுதட்டும். ஒலியியல் பேராசிரியர் ஒருவரை வரவழைத்திருந்தீர்கள். பெரிய பெட்டி நிறையக் கருவிகள், அதைவிடப் பெரிய தொண்டைச் செருமல். அரைமணி நேரம் வரைகோடுகளைக் காட்டிவிட்டு, இரண்டு சத்தங்களுக்கும் வித்தியாசம் கருவிக்குத்தான் தெரியும், மனிதக் காதால் பிரித்துக் கேட்கவே முடியாது என்று முடிவு சொன்னார். என் வக்கீலின் முகத்தில் அப்படியொரு பிரகாசம். என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார்: போதும், வாயை மூடிக்கொண்டிரும்.

“எந்த மனுஷனாலயும் முடியாதா?” என்று பேராசிரியரைக் கேட்டேன்.

“சான்ஸே இல்ல சார்” என்றார். முதுகில் தட்டிக்கொடுப்பது போன்ற குரல். “நீங்க மனச அலட்டிக்காதீங்க. உங்களால தெரிஞ்சிருக்கவே முடியாது.”

இருபத்தாறு வருடம், ஐயா. ஒன்பது நாள் பயிற்சிக்காரன் ஒருவன் என்னை ஆசீர்வாதம் பண்ணச் சொன்னான், பொறுத்துக்கொண்டேன். இந்த ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

மேஜை மேல் அந்தக் காரிலிருந்து எடுத்த பக்கிள் இருந்தது. அதைக் காவலரிடம் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள், நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன் என்றேன். வக்கீல் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். நான் எழுந்து திரும்பிக்கொண்டேன்.

காவலர் இருபது முறை மாட்டினார். சில முறை வேகமாக, சில முறை மெதுவாக. ஒவ்வொரு முறையும் நான் சுவரைப் பார்த்தபடி சொன்னேன்: பூட்டியது. பூட்டியது. பூட்டவில்லை. பூட்டியது. ஏழாவது முறை வக்கீல் தன் பையை மூடிக்கொண்டு எழுந்து போகிற சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. அப்படியொரு கவனம் எனக்கு எந்தக் கூட்டத்திலும் கிடைத்ததில்லை.

முடிந்ததும் பேராசிரியர் தான் குறித்துவைத்த தாளைப் பார்த்து, “பத்தொன்பது சரி” என்றார். பதினொன்றாவது தப்பாம். சாத்தியமில்லை என்றேன். கருவியின் பதிவைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். தப்பு அவர் கையில். அவசரத்தில் மாற்றிக் குறித்திருக்கிறார். அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போடவைத்தேன். இருபதுக்கு இருபது.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இது. கேட்டது. ‘க்ளிக்’ மட்டும், தனியாக. கொக்கி விழவில்லை என்பது மாமனார் கையை எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கதவைச் சாத்தினேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

காலையில் சுவரிலிருந்து திரும்பியபோது என் மனைவி அறை வாசலில் நின்றிருந்தாள். இருபதையும் கேட்டாளா, கடைசியில் வந்தாளா, தெரியவில்லை. அவள் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் கவனம் அப்போது பக்கிளில் இருந்தது. அதை ஒரு குறையாக எழுதிவிட வேண்டாம்.